கறுப்புப் பையைக் குறைப்பது எப்படி? புரட்டாசிக்கு முன் யோசனை வேண்டும் (டர்பன், தென்னாப்பிரிக்கா)

சாட்ஸ்வர்த்_வீடு

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஆறு பேர். குப்பை லாரி வாரம் ஒரு முறை வரும். அதற்குள் மூன்று கறுப்புப் பைகள் நிறைந்து, நான்காவதும் வாய் கட்ட முடியாமல் நிற்கிறது. காகிதம், பிளாஸ்டிக் எல்லாம் ஆரஞ்சுப் பையில் தனியாகத்தான் போடுகிறோம். ஆனால் சில வாரம் அதை யாரும் எடுப்பதே இல்லை, மழையில் நனைந்து கிடக்கும். கறுப்புப் பை பற்றிச் சொல்லவே வேண்டாம். விடிவதற்குள் நாயோ குரங்கோ கிழித்து, தெரு முழுக்க முருங்கைச் சக்கையும் மீன் முள்ளும்.

அடுத்த மாதம் புரட்டாசி. சனிக்கிழமைதோறும் பூசை, வாழையிலைச் சாப்பாடு, சொந்தக்காரர்கள். குப்பை இரட்டிப்பாகும். மாமியார், "பின்னால் குழி வெட்டிப் போடு, எங்கள் ஆயா அப்படித்தான் செய்தார்கள்" என்கிறார். எலி வரும் என்று கணவர் மறுக்கிறார். சின்ன முற்றம் ஒன்று இருக்கிறது. எங்கிருந்து தொடங்கலாம்?

வெருலம்_தோட்டம்

மாமியார் சொல்வதுதான் சரி அம்மா. எலி விஷயத்துக்கு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு வேலை. குளியலறைத் தராசில் ஒரு கறுப்புப் பையை வைத்து எடை பாருங்கள். அப்புறம் அதில் காய்கறித் தோல், டீத்தூள், மீந்த சோறு, பழத்தோல் எல்லாவற்றையும் ஒரு வாளியில் தனியாகப் போட்டு வாளியை எடை போடுங்கள். நம் சமையலறைகளில் வாளிதான் கனக்கும். சிப்ஸ் உறையும் தயிர் டப்பாவும் இடத்தை அடைக்குமே தவிர எடை கிடையாது. நாற்றம், ஈ, நாய், குரங்கு எல்லாம் அந்த ஈரத்தைத் தேடித்தான் வருகின்றன. அட்டையும் பாட்டிலும் பாழாவதும் அதே ஈரத்தால்தான்.

நம்மில் பலர் மறுசுழற்சி என்றால் பாட்டில், டப்பா என்றே ஆரம்பிக்கிறோம். அது தலைகீழ். ஈரத்தை வீட்டிலேயே நிறுத்துங்கள். மற்றதெல்லாம் தானாக எளிதாகும்.

பீனிக்ஸ்67

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். வரி கட்டுகிறோம், குப்பைக்கும் கட்டணம் கட்டுகிறோம். இதில் தோலை நாம் சீவி, பாட்டிலை நாம் கழுவி, புழுவையும் நாமே வளர்க்க வேண்டுமா? தேவையில்லாத பிளாஸ்டிக்கைச் சுற்றி விற்கிற கம்பெனிக்காரனை யாரும் கேட்பதில்லை. ஒரு வெள்ளரிக்காயைக்கூடப் பிளாஸ்டிக்கில் சுற்றித்தான் வைத்திருக்கிறார்கள்.

நார்த்பீச்_ஒன்பதாம்மாடி

அண்ணா, கம்பெனிக்காரர்களைக் கேட்கச் சட்டம் வந்துவிட்டது. 2021 மே முதல் பொட்டலம் போடும் பொருளை உற்பத்தி செய்பவரும் இறக்குமதி செய்பவரும் அதைத் திரும்பச் சேகரிக்கும் செலவில் பங்கு தர வேண்டும். குப்பையிலிருந்து பொருள் பொறுக்குகிறவர்கள் பதிவு செய்திருந்தால் அவர்களுக்குச் சேவைக் கட்டணம் தர வேண்டும் என்பதும் அந்த விதிகளில் உண்டு. நடைமுறை வேறு கதை, ஒத்துக்கொள்கிறேன்.

பிளாஸ்டிக் பைக்குக் கட்டுப்பாடு 2003லேயே வந்தது, வரி அடுத்த வருடம். அதற்கு முன் வேலிக் கம்பியில் தொங்கும் பைகளை நாட்டின் தேசிய மலர் என்று கிண்டல் செய்வார்களாம். வரி 3 சென்ட்டில் தொடங்கி 2024இல் 32 சென்ட் ஆகிவிட்டது. ஆனாலும் கடையில் எல்லோரும் பை வாங்கத்தான் செய்கிறார்கள். வரி மட்டும் போதாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் ஒன்று. வெள்ளரிக்காயின் உறைக்குக் கம்பெனி பொறுப்பு, சரி. வெள்ளரித் தோலுக்கு?

பீனிக்ஸ்67

தோல் மண்ணுக்குப் போகட்டும், எனக்கு ஒன்றும் இல்லை. நான் சொன்னது பிளாஸ்டிக்கை.

கிளேர்எஸ்டேட்_காரன்

தோல் மண்ணுக்குத்தானே போகிறது, எங்கே போட்டால் என்ன என்று நினைப்பவர்களுக்கு எங்கள் பக்கத்துக் கதையைச் சொல்ல வேண்டும்.

பிசாசர் ரோடு குப்பைமேடு 1980இல் திறந்தது. இனவாரியாக ஊரைப் பிரித்து வைத்திருந்த காலம். இந்தியர்களும் கறுப்பின மக்களும் வாழ்ந்த பகுதிக்கு நடுவில் கொண்டுவந்து வைத்தார்கள். மூடிவிடுவோம் என்ற பேச்சு தள்ளிக்கொண்டே போனது. சஜிதா கான் என்ற அம்மா எதிர்வீட்டிலிருந்து கடைசி வரை போராடினார். அவருக்கே புற்றுநோய் வந்து 2007இல் இறந்துபோனார். பொதுக் குப்பை போடுவது நின்றது அதற்கும் பல வருடம் கழித்துத்தான்.

இதில் வாழைப்பழத் தோலுக்கு என்ன பங்கு என்றால், ஈரக் குப்பையை ஆழமாகப் புதைத்து மேலே மேலே கொட்டி அமுக்கினால் காற்று போகாது. காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் வரும். நூறு வருடக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது. பிசாசர் ரோட்டிலும் மரியன்ஹில்லிலும் குழாய் இறக்கி அந்த வாயுவை எடுத்து மின்சாரம் செய்தார்கள். கார்பன் வணிகத்துக்கு, அதாவது குறைத்த புகையைக் கணக்குப் போட்டு விற்பதற்கு, பெயர் போன திட்டம், உலக வங்கி வரை போனது. சஜிதா கான் எதிர்த்தது இதையும் சேர்த்துத்தான். குப்பைமேட்டிலிருந்து வருமானம் வர ஆரம்பித்தால் அதை யார் மூடுவார்கள் என்பது அவர் வாதம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. மேட்டை ஒட்டியிருந்த கென்னடி ரோடு குடிசைப்பகுதி மக்களில் பலர் அந்தக் குப்பையில் பொறுக்கித்தான் பிழைத்தார்கள். மூடினால் அவர்கள் அடுப்பு அணையும். இரண்டு பக்கமும் ஏழை பாழை, இரண்டு பக்கமும் நியாயம்.

இப்போது நம் குப்பை வடக்கே வெருலம் பக்கம் பஃபல்ஸ்ட்ராய்க்கும் தெற்கே லோவுவுக்கும் போகிறது. போவது நம் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

வெருலம்_தோட்டம்

கண்ணுக்குத் தெரியவில்லை என்று நீங்கள் சொல்வது சாட்ஸ்வர்த்துக்குப் பொருந்தும் தம்பி. லாரி எங்கள் வழியாகத்தான் போகிறது. ஆனால் நல்லதையும் சொல்ல வேண்டும். பஃபல்ஸ்ட்ராயைச் சுற்றிப் பழைய கரும்பு நிலத்தில் 2008 முதல் காடு வளர்க்கிறார்கள். 2010 உலகக் கோப்பைக் கால்பந்தால் வந்த புகைக்கு ஈடாகத் தொடங்கிய வேலை. சுற்று வட்டார மக்களே வீட்டில் நாட்டு மரக்கன்று வளர்த்துக் கொடுத்தார்கள்.

டொங்காட்_தம்பி

எல்லாம் சரி ஐயா, குரங்குக்கு வழி சொல்லுங்கள். எங்கள் வீட்டில் உரக்குவியல் போட்ட மறுநாளே ஒரு கூட்டமே வந்து விருந்து சாப்பிட்டுப் போனது. ஆயா துடைப்பத்தோடு நிற்கிறார், அதுகள் மாமரத்தில் உட்கார்ந்து அவரையே பார்க்கின்றன.

வெருலம்_தோட்டம்

திறந்த குவியல் நம் ஊருக்கு ஆகாது. மூடி போட்ட டிரம் வேண்டும். உணவுப் பொருள் வந்த பழைய 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம், இரும்பு வளையத்தால் மூடியை இறுக்குவது, அதுதான் நல்லது. ரசாயனம் வந்த டிரம் வேண்டவே வேண்டாம். அடிப்பகுதியை அறுத்துவிட்டுத் தரையில் ஒரு சாண் புதையுங்கள். அடியில் சின்னக் கண் உள்ள கம்பி வலையை விரித்து ஓரத்தை மேலே மடித்துவிட்டால் எலி தோண்டி வராது, மண்புழு மட்டும் வரும். பக்கவாட்டில் துளை போடுங்கள், காற்று வேண்டும். துளை பெரிதாக இருந்தால் அங்கேயும் வலை.

இனி உள்ளே போடுவது. ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்தது. இதுதான் முக்கியம், முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவதும் இங்கேதான். பச்சைக் கழிவில் நைட்ரஜன், காய்ந்ததில் கரிமம். கரிமம் முப்பதுக்கு நைட்ரஜன் ஒன்று என்ற அளவில் இருந்தால் கிருமிகள் நன்றாக வேலை செய்யும். ஈரம் மட்டும் போட்டால் சாக்கடை நாற்றம், காய்ந்தது மட்டும் போட்டால் ஒரு வருடமானாலும் அப்படியே கிடக்கும். ஒவ்வொரு வாளி ஈரத்தையும் காய்ந்த இலையால் மூடிவிடுங்கள். வாசனை வெளியே வராவிட்டால் குரங்குக்கு அங்கே வேலை இல்லை.

காய்ந்ததற்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். ஆகஸ்ட் கடைசியில் மரங்கள் கொட்டுகிற சருகை மூட்டை கட்டி வையுங்கள். வடக்குப் பக்கம் இருப்பவர்களுக்குக் கரும்புச் சோகை இருக்கிறது. எரிக்காமல் வெட்டுகிற தோட்டத்தில் கேட்டால் ஒரு பக்கி (சின்னச் சரக்கு வண்டி) நிறையத் தருவார்கள். எரிக்கிற தோட்டத்துக் கரிதான் வருடா வருடம் நம் துணிக்கொடியில் விழுகிறதே.

கையில் ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரியான பதம். தண்ணீர் ஓடினால் சருகு சேருங்கள். டர்பன் கோடை மழைக்கு மூடி திறந்திருக்கவே கூடாது.

சாட்ஸ்வர்த்_வீடு

ஐயா, சமைத்த சாப்பாடு? எங்கள் வீட்டில் கறி, மீன் எல்லாம் உண்டு. புரட்டாசி மட்டும்தான் சைவம்.

வெருலம்_தோட்டம்

டிரம்மில் வேண்டாம். எண்ணெய், மசாலா, எலும்பு, மீன் தலை எதுவும் வேண்டாம். எலி, புழு, நாற்றம் மூன்றையும் அழைத்து வரும். அதற்குத்தான் மாமியார் சொன்ன குழி. முழங்கை ஆழத்துக்கு மேல் வெட்டி, போட்டு, நன்றாக மண்ணை மிதித்து மூட வேண்டும். ஒரு இடத்தில் போட்டால் அடுத்த முறை வேறு இடம். நான் அதன் மேல் வாழை வைப்பேன். வாழைக்கு எவ்வளவு கொடுத்தாலும் போதாது.

நார்த்பீச்_ஒன்பதாம்மாடி

முற்றம் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் சென்னையிலிருந்து வேலைக்கு வந்தவன், அடுக்ககத்தில் இருக்கிறேன். டிரம்மும் குழியும் எனக்கு ஆகாது. போக்காஷி வாளி வைத்திருக்கிறேன். ஜப்பானில் ஒக்கினாவாப் பேராசிரியர் தெருவோ ஹிகா 1980களில் பரப்பிய நுண்ணுயிர்க் கலவையைத் தவிட்டில் ஊறவைத்து உலர்த்தி விற்கிறார்கள். இங்கே தோட்டக் கடைகளில் கிடைக்கும். காற்றுப் புகாத வாளியில் கழிவைப் போட்டு, மேலே ஒரு பிடி தவிடு தூவி, அழுத்தி மூட வேண்டும். ஊறுகாய் போடுவது போலத்தான், அழுகாது, புளிக்கும். இறைச்சி, சோறு, குழம்பு எல்லாம் போடலாம், வடித்துவிட்டுப் போட்டால் நல்லது. அடியில் குழாய் இருக்கும், அதில் வரும் தண்ணீரை நூறு மடங்கு தண்ணீரில் கலந்து செடிக்கு ஊற்றலாம். கலக்காமல் ஊற்றினால் செடி கருகும்.

வாளி நிறைந்தபின் இரண்டு வாரம் மூடி வைக்க வேண்டும். அப்போதும் அது உரம் ஆகிவிடாது, கடையில் யாரும் இதைச் சரியாகச் சொல்வதில்லை. மண்ணில் புதைத்தால்தான் மக்கும். நான் மாடியில் பெரிய தொட்டியில் பழைய மண்ணோடு அடுக்கி வைக்கிறேன். கறிவேப்பிலைச் செடி அதில்தான் நிற்கிறது. தொட்டி போதாத நேரத்தில் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் நண்பர் வீட்டுக் குழிக்குப் போகும்.

பீனிக்ஸ்67

பேருந்தில் அந்த வாளியோடா?

நார்த்பீச்_ஒன்பதாம்மாடி

காரில்தான் அண்ணா. மூடி இறுக்கம், பயப்படாதீர்கள்.

கிளேர்எஸ்டேட்_காரன்

ஆரஞ்சுப் பை பற்றி யாரும் சொல்லவில்லையே. வெளியே வைத்த பையைக் குப்பை பொறுக்குகிறவர்கள் முதலில் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். சிலருக்கு அது எரிச்சல். எனக்கு இல்லை. இந்த நாட்டில் மறுசுழற்சிக்குப் போகும் பொட்டலப் பொருளில் 80 முதல் 90 சதவீதம் இவர்கள் கையால் எடுத்ததுதான் என்று இந்நாட்டு அறிவியல் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். நாடு முழுக்க அறுபதாயிரம் முதல் தொண்ணூறாயிரம் பேர் இருக்கலாம் என்றும் சொல்கிறார்கள். 2009 முதல் சங்கமும் இருக்கிறது.

அதனால் நான் செய்வது: குளிர்பான பாட்டில், பால் பாட்டில், கேன், அட்டைப்பெட்டி மட்டும் ஒரு தனிப் பையில். அலசினது, காய்ந்தது. எங்கள் தெருவுக்குத் தவறாமல் வரும் பெரியவருக்கு நேராகக் கொடுத்துவிடுவேன். அவர் பையைக் கிழித்துக் கைவிட்டுத் துழாவ வேண்டியதில்லை, நான் தெருவைக் கூட்ட வேண்டியதில்லை. லாரி வராத வாரமும் அவர் வருகிறார். ஈரத்தைப் பிரித்துவிட்டால் இதெல்லாம் சுத்தமாகவே இருக்கும் என்று ஐயா சொன்னது அனுபவ உண்மை.

பாட்டிலுக்கு அடியில் முக்கோணத்துக்குள் எண் இருக்கும். 1, 2 என்று இருந்தால் உடனே விலை போகும். 5 உள்ள தயிர், ஐஸ்கிரீம் டப்பாவைச் சிலர் எடுப்பார்கள். பளபளக்கும் சிப்ஸ் உறையை யாரும் தொட மாட்டார்கள், அது பல அடுக்கு ஒட்டியது, பிரிக்க முடியாது. எண்ணெய் பட்ட பீட்சா அட்டை மறுசுழற்சிக்கு ஆகாது. கிழித்து ஐயாவின் டிரம்மில் காய்ந்ததற்குப் பதிலாகப் போடலாம்.

டொங்காட்_தம்பி

மக்கும் பிளாஸ்டிக் என்று எழுதிய பையை டிரம்மில் போடலாமா? அம்மா அதைத்தான் காசு கொடுத்து வாங்குகிறார்.

வெருலம்_தோட்டம்

வேண்டாம் தம்பி. தொழிற்சாலை அளவுக் குவியலில், நாள் கணக்கில் நல்ல சூடு ஏறினால் அவற்றில் சில மக்கும். வீட்டு டிரம்மில் அந்தச் சூடு வராது. பாட்டில் பிளாஸ்டிக்கோடு கலந்தால் மறுசுழற்சியையும் கெடுக்கும். அம்மாவிடம் பழைய செய்தித்தாளை வாளியில் மடித்துப் போடச் சொல், காசும் மிச்சம்.

கோவில்_சமையல்கட்டு

இங்கே பேசுவதைப் படித்துக்கொண்டே இருந்தேன். வீட்டை விடுங்கள், கோவிலில் புரட்டாசிச் சனிக்கிழமை ஒரே மதியத்தில் சேர்கிற இலையைப் பார்த்தால் மயக்கம் வரும். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது வேறு கதை, அப்போது தெர்மாகோல் கிண்ணம். தெர்மாகோல் எடையே இல்லாத பொருள், எடுத்துப் போக யாருக்கும் கட்டுப்படி ஆகாது. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு துறைமுகத்தில் மிதந்த குப்பையை எல்லோரும் பார்த்தோமே. ஆற்றில் அடித்து வந்தது நம் தெருவில் கிடந்ததுதான்.

எங்கள் பெண்கள் குழுவில் சண்டை போட்டு எவர்சில்வர் டம்ளருக்கு மாறினோம். "யார் கழுவுவது?" என்பதுதான் ஒரே எதிர்ப்பு. இளைஞர் அணிக்குப் பாத்திரம் கழுவும் முறை போட்டோம். முணுமுணுப்பு இன்னும் இருக்கிறது, ஆனால் நடக்கிறது.

இலைக்கு என்ன செய்வது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. இலையில் சாம்பார், பாயசம் ஒட்டியிருக்கும். பூமாலை வேறு, நார் போய் இப்போது எல்லாம் நைலான் நூல். தேங்காய் ஓடு ஒரு மூட்டை.

வெருலம்_தோட்டம்

அம்மா, இலையில் மீதி இருப்பதை ஒரு வாளியில் வழித்துவிடச் சொல்லுங்கள். சாப்பிட்டவரே வழித்துவிட்டு வைக்கலாம், வரிசையின் முடிவில் ஒருவர் நின்றால் போதும். வழித்ததைக் குழிக்கு அனுப்புங்கள். வெறும் இலை பிரச்சினையே இல்லை, ஆனால் முழுசாக அடுக்கினால் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு காற்றை அடைத்துவிடும், நடுவில் கொழகொழவென்று இருக்கும். அரிவாளால் நறுக்கி, நடு நரம்பைத் தனியாகத் துண்டு போட்டு, சோகையோடு கலக்க வேண்டும். கோவில் அளவுக்கு டிரம் போதாது. பழைய மரப் பலகையில் மூன்றடிக்கு மூன்றடி, உயரமும் மூன்றடி, பெட்டி அடியுங்கள். அந்த அளவு இருந்தால்தான் உள்ளே சூடு ஏறும். ஐம்பத்தைந்து டிகிரிக்கு மேல் சில நாள் நின்றால் களை விதையும் சாகும். மேலே தகரமும் பக்கத்தில் வலையும் போட்டால் குரங்கு வராது.

பூவிலிருந்து நூலையும் கம்பியையும் எடுத்துவிடுங்கள். அதைவிட, மாலை கட்டுபவரிடமே வாழை நாரில் கட்டச் சொல்லுங்கள். தேங்காய் ஓடு நம் ஆயுளில் மக்காது. நாரைப் பிய்த்துப் போடலாம், ஓட்டைச் சாம்பிராணிக்குக் கரியாக்குங்கள்.

கிளேர்எஸ்டேட்_காரன்

பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் டர்பனிலேயே இருக்கிறார்கள். வாரிக் சந்திப்பில் இருக்கும் அதிகாலைச் சந்தையின் காய்கறிக் கழிவைத் தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுபோய் உரமாக்கினார்கள், கிரவுண்ட்வொர்க் என்ற சுற்றுச்சூழல் அமைப்பும் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து. பூங்காவில் போய்க் கேட்டுப் பாருங்கள். அந்தச் சந்தையை உருவாக்கியதே கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்து காய்கறி பயிரிட்ட நம் ஆட்கள்தானே. அவர்கள் கழிவைக் காசு கொடுத்து லாரியில் அனுப்பியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

பீனிக்ஸ்67

இதற்கு மாநகராட்சியே ஒரு தனிப் பை, தனி லாரி விடலாமே? கேப் டவுன் பக்கம் சட்டமே இருக்கிறதாமே.

நார்த்பீச்_ஒன்பதாம்மாடி

ஆமாம் அண்ணா. மேற்குக் கேப் மாகாணத்தில் 2022க்குள் மக்கும் குப்பையில் பாதியைக் குப்பைமேட்டுக்குப் போகாமல் நிறுத்த வேண்டும், 2027க்குள் முழுவதையும் என்று இலக்கு. நம் மாகாணத்திலும் கேட்க வேண்டும், வார்டு உறுப்பினரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் நானும் போடுகிறேன். நீங்கள் எழுதுங்கள், உங்களுக்குத்தான் கோபம் நன்றாக வருகிறது.

பீனிக்ஸ்67

எழுதுகிறேன். டிரம் எங்கே கிடைக்கும் என்பதையும் யாராவது சொல்லுங்கள். எனக்கில்லை, மனைவி படித்துவிட்டாள்.

சாட்ஸ்வர்த்_வீடு

அண்ணா 😄

நேற்று எடை பார்த்தேன் ஐயா. நீங்கள் சொன்னதுதான், வாளிதான் கனம். கணவர் ஒன்றும் பேசவில்லை, கம்பி வலை வாங்கப் போயிருக்கிறார். ஒரு சந்தேகம். வெங்காயத் தோல், எலுமிச்சைத் தோல் போடக் கூடாது என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். எங்கள் வீட்டில் வெங்காயத் தோல்தான் மலை மாதிரி வரும்.

வெருலம்_தோட்டம்

அது மண்புழுப் பெட்டிக்குச் சொன்னது. புழுவுக்குப் புளிப்பும் காரமும் பிடிக்காது, ஓடிவிடும். டிரம்முக்குத் தாராளமாகப் போடுங்கள். எலுமிச்சையை மட்டும் நறுக்கிப் போடுங்கள், முழுசாகப் போட்டால் நாளாகும். உள்ளே தடித்த, பழுப்பு நிறப் புழுக்கள் நெளிந்தால் மருந்து அடித்துவிடாதீர்கள். பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்ற ஈயின் புழு அது. வீட்டு ஈ மாதிரி சாப்பாட்டில் வந்து உட்காராது, கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும். ஈரம் அதிகம் என்பதற்கும் அது அடையாளம், சருகு சேருங்கள்.

டிரம்முக்கு: ஊறுகாய், வினிகர், ஆலிவ் மொத்தமாக வாங்கும் கடைகளில் காலி டிரம்மை விற்றுவிடுவார்கள். உள்ளே முகர்ந்து பார்த்து வாங்குங்கள்.

கோவில்_சமையல்கட்டு

ஐயா, பலகைப் பெட்டிக்கு எங்கள் தச்சர் ஒருவர் தயார். முதல் சனிக்கிழமைக்கு முந்தின வாரம் சோகை ஒரு பக்கி கிடைக்குமா? டீசல் காசு நாங்கள் தருகிறோம்.

வெருலம்_தோட்டம்

காசு வேண்டாம் அம்மா. வியாழக்கிழமை மாலை வண்டியை அனுப்புங்கள், மூட்டை கட்டுவதற்கு இரண்டு பிள்ளைகளும் வரட்டும். சோகை கையை அறுக்கும், முழுக்கைச் சட்டை போட்டு வரச் சொல்லுங்கள்.